உலக வரலாற்றில் 1956ஆம் ஆண்டு

வரலாற்றாசிரியர் காலத்தைப் பகுக்கும்பொழுது அரசபரம்பரைகளையும் பெரும் போர்களையும் எல்லைக் கற்களாகக் கொள்வர். ஓர் ஆண்டினைத் தனியே பிரித்தெடுத்து நோக்குதல் பெரும்பாலும் பஞ்சாங்கக்காரருக்கே உரிய வேலையாகும். ஜனவரி முதலாந் திகதியிற் பிறக்கும் காரியங்களும் சில; டிசம்பர் இறுதியில் முற்றுப்பெறுவனவும் சில. எனினும், ஒன்றையொன்று நன்கறியாத தேசங்களில் ஒரே வகையான வினா ஒரே காலத்தில் எழுகின்ற ஆண்டுகளும் உள. அவற்றுள் 1956 ஒன்று. பேசுவதற்கு உரிமை யாருக்கு, எந்த மொழியிற் பேசலாம், பேசியதைக் கேட்க விடுவார் யார், தடுப்பார் யார் என்பனவே அவ்வாண்டில் மொஸ்கோவிலும் கொழும்பிலும் அலபாமாவிலும் கெய்ரோவிலும் புடாபெஸ்ற்றிலும் வெவ்வேறு வடிவில் எழுந்த வினாக்கள்.

இதற்கு அவ்வாண்டின் ஒரு நாளே போதிய சான்றாகும். யூன் மாதம் 5ஆந் திகதி செவ்வாய்க்கிழமையன்று, சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கும் மசோதா கொழும்பிலே பிரதிநிதிகள் சபையிற் சமர்ப்பிக்கப்பட்டது. சபைக்கு அண்மையிலே, காலிமுகத்திடலில், அதனை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் நடந்தது. அதே நாள் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை, சோவியத் தலைவர் குருஷேவ் மூன்று மாதங்களுக்கு முன் கதவடைத்த மண்டபத்தில் நிகழ்த்திய உரையை அச்சிட்டு வெளியிட்டது. அதே நாள் அலபாமா மாகாணத்து மொண்ட்கொமரி நகரின் பேருந்துகளில் நிறம்பற்றி இருக்கை பிரித்தல் அரசியலமைப்புக்கு முரணென்று மூன்று நீதிபதிகளைக் கொண்ட நீதிமன்றம், இருவர்க்கு ஒருவராகத் தீர்ப்பளித்தது. அன்றிரவே எல்விஸ் பிரெஸ்லி என்னும் இருபத்தொரு வயதுப் பாடகன், மில்ரன் பேர்ல் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியிற் கித்தாரைக் கைவிட்டு நின்று, இடுப்பை அசைத்துப் பாடி, அமெரிக்கப் பெற்றோரைத் திடுக்கிடச் செய்தான். இந்நான்கும் ஒரே நாளில் அமைந்தமை தற்செயலே. ஆயினும் நான்கினிடையே உள்ள உறவு தற்செயலானதன்று.

குருஷேவின் உரையிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் இருபதாம் மகாநாட்டின் முடிவில், பெப்ரவரி 25ஆந் திகதி, வெளிநாட்டுப் பிரதிநிதிகளையும் பத்திரிகையாளரையும் விலக்கிவிட்டு, அவர் ஏறக்குறைய நான்கு மணிநேரம் பேசினார். மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்த ஸ்டாலின், நேர்மையான கட்சி ஊழியர் பல்லாயிரவரைப் பொய்க் குற்றஞ்சாட்டி அழித்தாரென்றும், தம்மைத் தாமே தெய்வமாக்கும் வழிபாட்டை வளர்த்தாரென்றும் அவர் எடுத்துரைத்தார். அவ்வுரை பின்னர் நாடெங்கணும் கட்சிக் கூட்டங்களில் வாசிக்கப்பட்டது. இலட்சோபலட்சம் மக்கள் செவியாற் கேட்டனர். பத்திரிகைகளில் அஃது அச்சேறவில்லை. இரகசியம் என்னும் சொல்லுக்கு இத்தகைய பொருளும் உண்டென்பதை உலகம் அன்றுதான் கண்டது. ஸ்டாலின் பிறந்த ஜோர்ஜியாவில், மார்ச் மாதத்தில், அவர் நினைவு இழிவுபடுத்தப்பட்டதென்று இளைஞர் கிளர்ந்தெழுந்தனர், படையினர் சுட்டனர். வார்சோவில் ஒரு பிரதி போலந்துப் பத்திரிகையாளர் ஒருவர் கையிற் சிக்கி, இஸ்ரேலியத் தூதரகம் வழியாக அமெரிக்கா சேர்ந்தது. அமெரிக்க அரசாங்கம் அதனை யூன் 4ஆந் திகதி வெளியிட, மறுநாட் பத்திரிகையில் அஃது உலகறிய வந்தது. சோவியத் நாட்டிலோ அவ்வுரையின் முழுவாசகம் அச்சேறியது 1989இலேதான். முப்பத்துமூன்று ஆண்டுகள் ஓர் உரை வாய்வழிச் செய்தியாகவே வாழ்ந்தது, புராணங்கள் எழுத்தில் வருமுன் வாழ்ந்தது போல.

இனி அதே நாட் கொழும்பு. ஏப்பிரலில் நடந்த பொதுத்தேர்தலில் திரு. எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணி, 95 தானங்களில் 51ஐக் கைப்பற்றிற்று. அதுவரை ஆண்ட ஐக்கிய தேசியக் கட்சி எட்டுத் தானங்களுக்குச் சுருங்கிற்று. இத்தேர்தலின் பின்னணியில் நியாயமான மனக்குறையொன்று இருந்ததை மறுத்தல் வரலாற்றுக்கு அழகன்று. ஆங்கிலம் அறிந்த சிறுதொகையினரே உத்தியோகங்களையும் நீதிமன்றங்களையும் தம்வசம் வைத்திருந்தனர். கிராமப் பாடசாலையிற் சிங்களத்திற் கற்றவனுக்கும் தமிழிற் கற்றவனுக்கும் கச்சேரியின் வாயில் ஒருங்கே அடைபட்டிருந்தது. 1944இல் அரசாங்க சபை, சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையைத் திருத்தித் தமிழையும் அதனோடு சேர்த்தே நிறைவேற்றியிருந்தது. ஆகவே ஆங்கிலத்தை இறக்க வேண்டுமென்பதில் இரு சமூகத்தார்க்கும் வழக்கில்லை. அது இறங்கிய ஆசனத்தில் ஒருவரா இருவரா அமர்வது என்பதே வழக்கு. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் விடை மாறிற்று. 1956 பெப்ரவரியிற் களனியிற் கூடிய ஐக்கிய தேசியக் கட்சியும் தன் முந்திய கொள்கையைக் கைவிட்டது. தேர்தலில் நின்ற இரு பெருங்கட்சிகளும் ஒரே மொழியையே வாக்களித்தமையால், மசோதாவின் கதி வாக்குப்பெட்டி திறக்குமுன்னரே முடிவாயிற்று எனலாம்.

யூன் 5ஆந் திகதி காலை, திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் ஏறக்குறைய இருநூற்றுவர் காலிமுகத்திடலில் அமர்ந்தனர். கையில் ஆயுதமில்லை, எதிர்த்துத் தாக்குவதில்லை என்பதே விரதம். திரண்டுவந்த கும்பல் கல்லெறிந்தது; இருந்தவர்களை அடித்து இழுத்தது; பொலிஸார் பெரும்பாலும் பார்த்து நின்றனர். கலகம் நகரத் தெருக்களுக்குப் பரவி, சில நாட்களுள் கல்லோயாப் பள்ளத்தாக்கின் குடியேற்றப் பகுதியில் உயிர்ச்சேதமாக முற்றிற்று. சபையினுள்ளே மசோதாவை எதிர்த்தவர்களுள் தமிழ்ப் பிரதிநிதிகளோடு சிங்கள இடதுசாரித் தலைவர்களும் இருந்தனர் என்பது மறக்கற்பாலதன்று. ஒரு மொழியெனின் இரு நாடு, இரு மொழியெனின் ஒரு நாடு என்னும் கருத்துப்பட கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அன்று விடுத்த எச்சரிக்கை, பின்வந்த தலைமுறையினர் நாவில் பழமொழியாகவே ஆகிவிட்டது. மசோதா 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமாக யூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் வாசகம் மிகச் சிறியது. அதனால் விளைந்தவற்றை எழுதப் பெருநூல்கள் வேண்டும். தமிழும் அரசகரும மொழியென்று அரசியலமைப்பிற் சேர்ந்தது 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தினாலாகும்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் அதே ஆண்டு நடந்தது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. மொழிவழி மாகாணங்கள் தேச ஒற்றுமையைக் குலைக்குமென்று நேரு நெடுநாள் தயங்கினார். ஆந்திர மாகாணங் கோரி உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிர்துறந்த பின்னரே அத்தயக்கம் தளர்ந்தது. 1956 நவம்பர் முதலாந் திகதி இந்தியாவின் உள்ளெல்லைகள் பெரும்பாலும் மொழிவழி திருத்தப்பட்டன, கேரளம் பிறந்தது, கன்னியாகுமரி சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தது. அவ்விராச்சியத்துக்குத் தமிழ்நாடெனப் பெயரிடுக என்ற கோரிக்கையோடு விருதுநகரில் நோன்பிருந்த சங்கரலிங்கனார் அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், ஒக்டோபரில், உயிர் நீத்தார். சென்னைச் சட்டசபை தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தையும் அவ்வாண்டிலேயே இயற்றிற்று. குலைவுக்கு வழியென அஞ்சப்பட்ட ஏற்பாடு அங்கே கட்டுக்கோப்புக்கு உதவிற்று. ஒற்றுமைக்கு வழியென மொழியப்பட்ட சட்டம் இங்கே பிளவுக்கு வித்தாயிற்று.

அமெரிக்காவில் வினா மொழிபற்றியதன்று, நிறம்பற்றியது. மொண்ட்கொமரி நகரத்து நீக்ரோ மக்கள் 1955 டிசம்பர் 5ஆந் திகதி தொடங்கிய பேருந்துப் பகிஷ்காரம் 381 நாட்கள் நீடித்தது. வேலைக்காரப் பெண்களும் தொழிலாளரும் காலை மாலை மைல்கணக்கில் நடந்தனர். தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் அப்போது இருபத்தேழு வயது நிரம்பிய போதகர். ஜனவரியில் அவர் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. ரோசா பார்க்ஸ் அம்மையாரின் பெயரை உலகம் அறியும். ஆனால் யூன் 5ஆந் திகதித் தீர்ப்பை ஈட்டிய வழக்கில் வாதிகளாக நின்றோர் ஒரீலியா பிரௌடர் முதலிய வேறு நான்கு பெண்கள். அவர்களுள் இருவர் பதின்மவயதினர். வரலாறு பெயர்களைத் தெரிந்தெடுக்கும் முறையில் நீதி எப்போதும் இருப்பதில்லை. நவம்பர் 13ஆந் திகதி உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. டிசம்பர் 21ஆந் திகதி பேருந்துகளில் யாரும் எங்கும் அமரலாயினர்.

எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டை இதன் பக்கத்தில் வைத்தே கேட்க வேண்டும். அன்றிரவு அவன் பாடிய பாடல் 1953இல் பிக் மாமா தோர்ண்டன் என்னும் நீக்ரோப் பாடகியின் குரலில் வெளிவந்து, நீக்ரோ மக்களிடையே பெரும் பெயர் பெற்றிருந்த பாடலாகும். கறுப்பரின் வழிபாட்டு மனைகளிலும் மதுச்சாலைகளிலும் வளர்ந்த தாளம், வெள்ளை இளைஞன் ஒருவனது கண்டத்தில் ஏறி வெள்ளையர் வீட்டு முன்னறைக்குள் நுழைந்தது. பத்திரிகைகள் அவனது அங்க அசைவைக் கண்டித்தன. கண்டனத்தின் அடியிலே அத்தாளம் எங்கிருந்து வந்ததென்னும் அச்சமும் இருந்தது. இஃது ஊகமன்று. நிறப்பிரிவினையை ஆதரித்த சங்கங்கள் இவ்விசையை நீக்ரோ இசையென்றே பழித்துத் தடுக்க முயன்றன. ஏப்பிரல் மாதத்திற் பேர்மிங்ஹாம் நகரில், நாற் கிங் கோல் என்னும் மென்குரற் பாடகர் மேடையிற் பாடிக்கொண்டிருக்கையில் வெள்ளையர் சிலர் பாய்ந்து அவரைத் தாக்கினர். அவர் பாடியது சபையோர் அனைவரும் வெள்ளையராயிருந்த அரங்கில். வணிகர்கள் வேறுவழி கண்டனர். யூலை முதலாந் திகதி ஸ்ரீவ் அலன் என்பார் பிரெஸ்லிக்குக் கனவான் உடை அணிவித்து, ஒரு நாயைப் பார்த்துப் பாடவைத்தார். செப்டெம்பர் 9ஆந் திகதி எட் சலிவன் நிகழ்ச்சியில் அவனைக் கண்டோர் ஏறக்குறைய ஆறு கோடியினர். தோர்ண்டனுக்கு அப்பாட்டினாற் கிடைத்த ஊதியம் அற்பமே.

இவ்வாண்டின் பெருங் கதையோ நைல்நதிக் கரையில் நிகழ்ந்தது. அஸ்வான் அணைக்கு உதவுவதாகக் கூறியிருந்த அமெரிக்கா யூலை 19ஆந் திகதி பின்வாங்கிற்று. ஒரு வாரத்துள், 26ஆந் திகதி மாலை, அலெக்சாந்திரியாவிற் கூடிய பெருங்கூட்டத்திலே ஜனாதிபதி நாஸர் பேசினார். வானொலி அதனை நாடெங்கும் பரப்பிற்று. பேச்சினிடையே, கால்வாயை வெட்டுவித்த பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸின் பெயரை அவர் உச்சரித்தார். அப்பெயரே குறிச்சொல். வானொலிப் பெட்டியருகே காத்திருந்த அதிகாரிகள் அச்சொல்லைக் கேட்டதும் சுயெஸ் கால்வாய்க் கம்பனியின் காரியாலயங்களுள் நுழைந்தனர். கூட்டத்தார் கவனியாதுவிடுவரோ என்றஞ்சியவர்போல் நாஸர் அப்பெயரைப் பன்முறை கூறினார். பேச்சு முடியுமுன் கால்வாய் எகிப்தின் கைக்கு வந்துவிட்டது. வானொலிச் சொல்லொன்றை ஏவலாகக்கொண்டு இத்துணைப் பெரிய சொத்துக் கைமாறியது அதற்குமுன் நிகழ்ந்ததன்று.

பிரித்தானியப் பிரதமர் ஈடன், நாஸரில் இன்னொரு முசோலினியைக் கண்டார். ஒக்டோபர் 24ஆந் திகதி, பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள சேவ்ர் என்னும் ஊரில், பிரித்தானியா, பிரான்சு, இஸ்ரேல் ஆகிய மூன்றும் இரகசிய உடன்படிக்கையொன்றிற் கைச்சாத்திட்டன. இஸ்ரேல் படையெடுப்பது, மற்றிருவரும் சமாதானஞ் செய்விப்போராகத் தோன்றிக் கால்வாயைக் கைப்பற்றுவது. 29ஆந் திகதி நாடகம் தொடங்கிற்று. நவம்பர் 2ஆந் திகதி பிரித்தானிய விமானங்கள் கெய்ரோ வானொலியின் ஒலிபரப்பு நிலையத்தைத் தாக்கி அதன் வாயை அடைத்தன. அப்போது திமிஷ்கு வானொலி, இது கெய்ரோ என்று அறிவித்துத் தன் குரலை எகிப்துக்கு ஈந்தது. சைப்பிரஸ் தீவிலிருந்து பிரித்தானியர் நடத்திய அரபு வானொலி நிலையம் பிரித்தானியாவின் குரலெனப் பெயர் மாற்றப்பட்டபோது, அங்கே கடமையாற்றிய அரபு ஊழியர் பணியாற்ற மறுத்து விலகினர். உம்மு குல்தூம் அம்மையார் அப்போரின்போது பாடிய படைப்பாட்டு மக்கள் நாவிற் பதிந்து, 1960 முதல் 1979 வரை எகிப்தின் தேசிய கீதமாகவே விளங்கிற்று. இலண்டனிலோ வேறொரு காட்சி: அரசாங்கத்தின் மனக்கசப்பைப் பொருட்படுத்தாது, பி.பி.சி. ஒலிபரப்புக் கழகம் எதிர்க்கட்சித் தலைவர் கேற்ஸ்கெல்லின் கண்டன உரையையும் ஒலிபரப்பிற்று. பிரித்தானியா அவ்வாண்டில் இழந்தவை பல, காத்துக்கொண்டது இது.

படை வென்றது; பவுண் தோற்றது. வீழ்ந்துவந்த பிரித்தானிய நாணயத்தைத் தாங்க, போர் நிறுத்தப்படும்வரை அமெரிக்கா கைகொடுக்க மறுத்தது. நவம்பர் 6ஆந் திகதி நள்ளிரவிற் போர் நின்றது. ஈடன் 1957 ஜனவரியிற் பதவி துறந்தார். திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்கா விமானத்தளமும் 1957இன் இறுதி மாதங்களில் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றைத் திரும்பப்பெறும் எண்ணம் பண்டாரநாயக்கா அரசின் தேர்தற் கொள்கையிலேயே இருந்ததாயினும், சுயெஸின் பின் அவ்வழி எளிதாயிற்று.

எகிப்தின்மேல் உலகின் கண் பதிந்திருந்த அந்நாட்களிலேயே ஹங்கேரி எரிந்தது. ஒக்டோபர் 22ஆந் திகதி புடாபெஸ்ற் மாணவர் பதினாறு கோரிக்கைகளை எழுதினர். அவற்றை வானொலியில் வாசிக்க வேண்டுமென்பதே அவர்கள் வேண்டுகோள். மறுநாள் மாலையில் வானொலி ஒலித்தது கட்சிச் செயலாளர் கெரோவின் ஏசலை. வானொலி நிலையத்தைச் சூழ்ந்த கூட்டத்தின்மேல் இரகசியப் பொலிஸார் சுட்டனர். புரட்சி அவ்வாசலிலே தொடங்கியது. அதே இரவு ஸ்டாலினின் வெண்கலச் சிலை முழங்காலளவில் அறுத்து வீழ்த்தப்பட்டது. பீடத்தில் இரு சப்பாத்துக்கள் மாத்திரம் எஞ்சின. பெப்ரவரியில் மொஸ்கோவில் வாயாற் செய்யப்பட்டதையே ஒக்டோபரில் இவர்கள் கையாற் செய்தனர். நவம்பர் 4ஆந் திகதி விடியலிற் சோவியத் டாங்கிகள் நகருள் நுழைந்தன. பிரதமர் இம்ரே நாகி வானொலியில் ஒருசில வாக்கியங்களில் அதனை உலகுக்கு அறிவித்தார். காலை எட்டு மணியளவில் எழுத்தாளர் சங்கத்தின் அபயக்குரல் நான்கு மொழிகளில் ஒலித்தது. அதன்பின் வானொலி அடங்கிற்று. மியூனிச் நகரிலிருந்து ஹங்கேரிய மொழியில் ஒலிபரப்பிய அமெரிக்கச் சார்பு வானொலி நிலையம், வெளியுதவி வருமென்னும் நம்பிக்கையை மக்களிடையே வளர்த்ததென்ற குற்றச்சாட்டு அன்றுதொட்டு நிலவுகிறது. உதவி வரவில்லை. ஏறக்குறைய 2,500 ஹங்கேரியர் மாண்டனர். இரண்டு இலட்சம்பேர் எல்லை கடந்தனர். நாகி 1958 யூனில் தூக்கிலிடப்பட்டார்.

ஆசிய நாடுகளின் மனச்சாட்சி இங்கே சோதிக்கப்பட்டது. நவம்பர் 4ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஹங்கேரியிலிருந்து சோவியத் படை விலகவேண்டுமெனத் தீர்மானித்தபோது, இந்தியாவும் இலங்கையும் வாக்களியாது ஒதுங்கின. வெள்ளையரின் ஏகாதிபத்தியத்தைக் கண்டவுடன் இனங்கண்ட கண்கள், பிறிதொரு நிறங்கொண்ட ஏகாதிபத்தியத்தைக் காணத் தாமதித்தன. ஆயினும் 1957இல் ஹங்கேரி விவகாரத்தை ஆராயச் சபை நியமித்த ஐவர் குழுவில் இலங்கையின் சார்பில் ஆர். எஸ். எஸ். குணவர்த்தனா இடம்பெற்றார். நடந்தது மக்களின் தன்னெழுச்சியே என்று அக்குழு ஐயத்துக்கிடமின்றி முடிவுசெய்தது.

போரும் புரட்சியும் நடந்த ஆண்டிற் கலைகளும் ஓயவில்லை. சத்தியஜித் ராய் இயக்கிய வங்காளத் திரைப்படமான பதேர் பாஞ்சாலி, மே மாதத்திற் கான் நகரத் திரைப்பட விழாவிற் பரிசு பெற்றது. தமிழ்நாட்டில் மதுரை வீரன் கொட்டகைகளை நிரப்பியது. டிசம்பர் 28ஆந் திகதி கொழும்பில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ரேகாவ வெளிவந்தது. அதுவரை தென்னிந்தியக் கலையகங்களில் அட்டைச் சுவர்களுக்குள் ஆக்கப்பட்டுவந்த சிங்களத் திரைப்படம், அதனால் முதன்முறையாக வயல்வெளிக்கும் வெய்யிலுக்கும் வந்தது. கொட்டகையில் அஃது ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செப்டெம்பர் 25ஆந் திகதி அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் முதலாவது தொலைபேசிக் கம்பி சேவையைத் தொடங்கிற்று. அதன்வழி ஒரே வேளையில் 36 உரையாடல்கள் நடத்தலாம்.

நவம்பர் 22ஆந் திகதி மெல்பேணில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் தொடங்கியபோது உலகின் புண்கள் ஆறவில்லை. சுயெஸின் பொருட்டு எகிப்தும் ஈராக்கும் லெபனானும், ஹங்கேரியின் பொருட்டு ஒல்லாந்தும் ஸ்பெயினும் சுவிற்சர்லாந்தும் விலகிநின்றன. இந்திய ஹொக்கி அணி பாகிஸ்தானை ஒரு கோலால் வென்று, தொடர்ந்து ஆறாவது முறையாகப் பொற்பதக்கம் பெற்றது. டிசம்பர் 6ஆந் திகதி நீர்ப்பந்தாட்டத்தில் ஹங்கேரியரும் ருசியரும் எதிர்ப்பட்டனர். ஹங்கேரி நான்கு கோல்களால் முன்னின்ற வேளையில், அவ்வணி வீரர் ஏர்வின் சாதோர் கண்ணருகே குத்துண்டு இரத்தத்தோடு நீரைவிட்டு ஏறினார். பார்வையாளர் கொதித்தெழ, ஆட்டம் முடிவுநேரத்துக்குச் சற்று முன்னரே நிறுத்தப்பட்டது. பொற்பதக்கம் ஹங்கேரிக்கே கிடைத்தது. வென்றவருட் சாதோர் உட்படப் பலர் தாய்நாடு திரும்பவில்லை.

விளையாட்டுக்கள் முடியுமுன், மெல்பேணில் வாழ்ந்த சீன வமிசத்து இளைஞனொருவன் அமைப்பாளருக்குக் கடிதமொன்று எழுதினான். இறுதி நாளில் வீரர்கள் நாடுநாடாக அணிவகுத்து வராது, எல்லோரும் ஒருங்கே கலந்து நடந்து வரட்டும் என்பதே அவன் யோசனை. அவனுக்கு அப்போது பதினேழு வயது. டிசம்பர் 8ஆந் திகதி அவ்வாறே நடந்தது. பின்வந்த ஒலிம்பிக் விழாக்களும் அதனையே வழக்கமாகக் கொண்டன.